இரைக்கும் இரை வேண்டும்

பச்சோந்தி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது அதன் நிறம். கட்சி விட்டுக் கட்சி தாவுகிறவரைச் சாடுவதற்குக்கூட அந்த அப்பாவிப் பிராணியின் பெயரைத்தான் இரவல் வாங்குகிறோம். அடுத்து நினைவுக்கு வருவது அதன் நாக்கு. ஆனால் அந்த நாக்கின் நுனியில் ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போகிறதே ஒரு பூச்சி, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்று நாம் அந்தப் பூச்சியைப் பற்றிச் சற்றுப் பேசுவோம்.

அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் நாய், பூனை வளர்ப்பதுபோலப் பச்சோந்தி வளர்ப்போர் இருக்கிறார்கள். தலையில் உயர்ந்த கொண்டை உடைய ஏமன் நாட்டுப் பச்சோந்தியும், மடகாஸ்கர் தீவின் வண்ணமிகு சிறுத்தைப் பச்சோந்தியும் அங்கே வீட்டுக் கூண்டுகளில் மிகுதி. அந்தக் காட்சிகள் கைப்பேசி வழியாக நம் ஊருக்கும் வந்துவிடுகின்றன. பார்த்த மாணவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள்: "கூண்டு எவ்வளவு உயரம் வேண்டும், சார்? விளக்கு எத்தனை வாட்?" இரையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. நானே கேட்டால், "பூச்சிதானே சார், பிடித்துப் போட்டால் போயிற்று" என்று பதில் வருகிறது.

இந்தப் "பூச்சிதானே" என்ற பேச்சோடுதான் எனக்குச் சண்டை. என் கருத்து இதுதான்: பச்சோந்தி வளர்ப்பவர் முதலில் பூச்சி வளர்ப்பவராக இருக்க வேண்டும். பூச்சியை நலமாக வைத்திருக்கத் தெரியாதவர், அல்லது அதற்குப் பொறுமை இல்லாதவர், பச்சோந்தியைக் கூண்டில் அடைக்கக் கூடாது.

இயற்பியல் ஆசிரியருக்குப் பூச்சியைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். கூண்டு என்பது ஓர் அமைப்பு. அதற்குள் என்ன போகிறது, அது என்னவாக மாறுகிறது என்று கணக்குப் பார்ப்பது எங்கள் தொழில். அந்தக் கணக்கை நாம் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.

நாக்கு வேறு, வயிறு வேறு

பச்சோந்தியின் நாக்கு ஒரு வில்லைப் போன்றது. தசை சுருங்கும்போது கொலாஜன் இழைகளால் ஆன உறைகள் இழுபட்டு விறைக்கின்றன. நாண் இழுத்த வில்லைப் போலவே அங்கே நிலையாற்றல் சேர்கிறது. விடுபட்டதும் அது இயக்க ஆற்றலாகி நாக்கை எறிகிறது. கையால் கல் எறிவதற்கும் கவண் கொண்டு எறிவதற்கும் உள்ள வேறுபாடே இங்கும். 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், தான்சானியாவின் சின்னஞ்சிறு பச்சோந்தி ஒன்றின் நாக்கு, புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 264 மடங்கு முடுக்கத்தோடு பாய்வது அளக்கப்பட்டது.

இதைவிட நமக்குப் பயன்படும் செய்தி 2010ஆம் ஆண்டு ஆய்வில் இருக்கிறது. ஏமன் நாட்டுப் பச்சோந்தியின் உடல் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தபோது, நாக்கு வெளியே பாயும் வேகம் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. ஆனால் நாக்கை உள்ளே இழுக்கும் வேகம் 40 சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. ஏன்? எறிவது வில், இழுப்பது வெறும் தசை. வில்லுக்குக் குளிர் அவ்வளவாக உறைப்பதில்லை, தசைக்கு உறைக்கும்.

இதிலிருந்து வளர்ப்பவர் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பச்சோந்தி தன் உடல் வெப்பத்துக்குச் சூழலையே நம்பியிருக்கும் பிராணி. குளிர்ந்த காலையிலும் அதன் நாக்கு பூச்சியைப் பிடித்துவிடும். பார்ப்பவர், "நல்ல பசி போலும்" என்று மேலும் மேலும் போடுவார். ஆனால் வயிற்றில் வில் ஏதும் கிடையாது. செரிமானம் ஒரு வேதிவினை. உடல் சூடேறினால்தான் அது ஒழுங்காக நடக்கும். ஆகவே, விளக்கொளியில் அது நன்கு குளிர்காய்ந்த பிறகே இரை தர வேண்டும். நாக்கின் சுறுசுறுப்பைக் கொண்டு வயிற்றின் நிலையை அளக்க முடியாது.

பத்துப் பூச்சியின் கணக்கு

கூண்டுப் பச்சோந்திக்குப் பெரும்பாலும் கிடைப்பது சுவர்க்கோழி. இரவில் சமையலறை மூலையில் "கிர்ர், கிர்ர்" என்று கத்துகிறதே, அதன் உறவினம். நூறு கிராம் சுவர்க்கோழியில் ஏறத்தாழ 69 கிராம் நீர், 20 கிராம் புரதம். கேட்பதற்கு நல்ல உணவாகத்தான் தோன்றும். குறை வேறிடத்தில் இருக்கிறது. அதே நூறு கிராமில் சுண்ணாம்புச்சத்து சுமார் 40 மில்லிகிராம். பாஸ்பரஸ் சுமார் 300 மில்லிகிராம். நமக்கு இருப்பதுபோல் பூச்சிக்கு எலும்பு இல்லை. அதன் ஓடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. எலும்பில்லாத உயிரிடம் சுண்ணாம்புச்சத்து எங்கிருந்து வரும்?

பச்சோந்திக்கோ எலும்பு உண்டு. அதன் உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால், சுண்ணாம்புச்சத்து ஒன்றரை முதல் இரண்டு பங்கு இருக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் கூறுகின்றனர். இப்போது பென்சிலை எடுங்கள். ஒரு சுவர்க்கோழி அரை கிராம் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பூச்சி 5 கிராம். அதில் சுண்ணாம்புச்சத்து 2 மில்லிகிராம். பாஸ்பரஸ் 15 மில்லிகிராம். ஒன்றரைப் பங்கு வேண்டுமென்றால் 22.5 மில்லிகிராம் தேவை. குறைவது ஏறத்தாழ 20 மில்லிகிராம். கால்சியம் கார்பனேட்டின் மூலக்கூறு எடை 100. அதில் கால்சியம் 40. ஆகவே 20 மில்லிகிராம் கால்சியத்துக்கு 50 மில்லிகிராம் தூள் வேண்டும். பத்துப் பூச்சிக்கும் சேர்த்து ஒரு சிட்டிகையைவிடக் குறைவு!

அந்தச் சிறு தூள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இரத்தத்தில் கால்சியம் குறையும்போது பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொள்கிறது. இதயமும் தசையும் நரம்பும் இயங்கக் கால்சியம் வேண்டும். அதை அது எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. வருவாய் இல்லாத குடும்பம் வீட்டின் கதவையும் நிலையையும் பெயர்த்து விற்றுச் சாப்பிடுவதுபோலத்தான். நாளடைவில் கால் எலும்பு வளைகிறது, தாடை மென்மையாகிறது, கிளையைப் பிடிக்க முடிவதில்லை. பெயர்பெற்ற அந்த நாக்கும் பாய மறுக்கிறது. வயிறு நிறையப் பூச்சி தின்ற பச்சோந்தி இப்படித்தான் நலிகிறது. பட்டினியால் அன்று, கணக்குத் தவறியதால்.

தூளைத் தூவிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. சுவர்க்கோழி தன் உடலைத் துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும் பழக்கம் உடையது. தூவிய தூள் சில மணி நேரத்தில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். எனவே, தூவியவுடன் அது தின்னப்பட வேண்டும். இன்னொரு வழி பூச்சியின் வயிற்றை நிரப்புவது. இரையாவதற்கு முந்தைய இரண்டு நாளும் சுண்ணாம்புச்சத்து மிகுந்த தீனியைப் பூச்சிக்குத் தர வேண்டும். பூச்சியின் குடலில் உள்ளதும் பச்சோந்திக்கு உணவே அன்றோ? ஆனால் அந்தத் தீனியையே நாள்தோறும் கொடுத்து வந்தால் பூச்சிகள் செத்துப்போகும். அவற்றின் வாழ்வுக்கு ஒரு தீனி, கடைசி இரண்டு நாளுக்கு இன்னொரு தீனி. கீரை தருவதிலும் கவனம் தேவை. பாலக் கீரையில் ஆக்சலிக் அமிலம் மிகுதி. அது கால்சியத்தைப் பிணைத்து உடலுக்குக் கிட்டாமல் செய்துவிடும்.

எல்லாப் பூச்சியும் சுவர்க்கோழியைப் போன்றதன்று. குப்பையை மக்கச் செய்யும் கறுப்புப் படைவீரன் ஈ என்றொரு பூச்சி உண்டு. அதன் புழுவின் தோலில் சுண்ணாம்பு படிவதால், அதில் கால்சியம் பாஸ்பரஸைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. பட்டுப்புழு மென்மையானது, நீர் நிறைந்தது. நான்கைந்து வகைகளை மாற்றி மாற்றித் தருவதே அறிவுடைமை.

கண்ணாடி மறைக்கும் ஒளி

சுண்ணாம்புச்சத்தை உட்கொண்டால் மட்டும் போதாது. அது குடலிலிருந்து இரத்தத்துக்குப் போக வைட்டமின் டி வேண்டும். தோலில் உள்ள ஒரு பொருள்மீது ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள புற ஊதாக்கதிர் படும்போது அந்த வைட்டமின் உருவாகத் தொடங்குகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோ சுமார் 400 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது. சாதாரணச் சன்னல் கண்ணாடி, கண்ணுக்குத் தெரிவதை உள்ளே விட்டு, தேவையான புற ஊதாக்கதிரைத் தடுத்துவிடும். சன்னலோரம் பளிச்சென்று வெயில் படுகிறது என்று கூண்டை அங்கே வைப்பவர், பச்சோந்திக்குச் சூட்டை மட்டும் கொடுக்கிறார், மருந்தைக் கொடுக்கவில்லை. இதற்கென்று செய்த தனி விளக்கு வேண்டும்.

2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று வியப்பூட்டுவது. உணவில் வைட்டமின் டி குறைவாகப் பெற்ற சிறுத்தைப் பச்சோந்திகள் புற ஊதாக்கதிரை அதிகமாக நாடின. மிகுதியாகப் பெற்றவை ஒதுங்கிக்கொண்டன. தனக்கு எவ்வளவு தேவை என்று அந்தப் பிராணிக்குத் தெரிகிறது. ஆனால் ஒதுங்க நிழலும், நாட ஒளியும் கூண்டில் இருந்தால்தான் அந்த அறிவு பயன்படும்.

பூச்சிப் பெட்டி

இனிப் பூச்சியின் வீட்டுக்கு வருவோம். சுவர்க்கோழிக்கும் சூடு வேண்டும். 30 டிகிரி செல்சியஸ் அளவில் முட்டையிலிருந்து முதிர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். குளிர்ந்தால் வளர்ச்சி தடைப்படும். பெட்டிக்குள் முட்டை அடுக்கும் அட்டைகளை நிறுத்தி வைப்பார்கள். காரணம் எளியது: தரைப்பரப்பு அதேதான், ஆனால் நிற்பதற்கான பரப்பு பல மடங்காகிறது. காற்றோட்டம் வேண்டும், ஈரம் தேங்கக் கூடாது. ஈரமும் எச்சமும் சேர்ந்தால் அம்மோனியா நெடி எழும். பூச்சிகள் கூட்டமாக மடியும். நீரைத் திறந்த தட்டில் வைத்தால் குஞ்சுகள் மூழ்கிவிடும். கேரட் துண்டோ, நனைத்த பஞ்சோ போதும். நீரும் புரதமும் குறைந்தால் ஒன்றையொன்று தின்னத் தொடங்கிவிடும்.

நெருக்கி அடைப்பதன் விளைவை உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது. சுவர்க்கோழியை மட்டும் தாக்கும் ஒரு வைரஸ் 1977இல் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது. 2010ஆம் ஆண்டை ஒட்டி அது வட அமெரிக்கப் பூச்சிப் பண்ணைகளில் பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது. சில பண்ணைகள் மூடப்பட்டன. ஒரே இனம், ஒரே கூரை, ஒரே நோய். பூச்சியும் நோயுறும் உயிர்தான் என்பதை அன்று வணிகர்களும் உணர்ந்தார்கள்.

எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள்

இரவில் கூண்டுக்குள் எஞ்சிய சுவர்க்கோழி சும்மா இருக்காது. அதற்கும் பசிக்கும். உறங்கும் பச்சோந்தியின் தோலையும் கண்ணிமையையும் கடித்துப் புண்ணாக்கும். இரை என்று நாம் பெயர் சூட்டியது பூச்சிக்குத் தெரியாதே! ஒரு கைப்பிடி பூச்சியைக் கூண்டில் கொட்டிவிட்டுப் பள்ளிக்குப் போய்விடுகிற பழக்கம் இதனால்தான் தவறு. வழவழப்பான ஆழக் கிண்ணத்தில் எண்ணிப் போட்டு, சிறிது நேரங்கழித்து எத்தனை எஞ்சின என்று எண்ணி எடுத்துவிட வேண்டும். இதனால் இரட்டைப் பயன் உண்டு. புண் இல்லை, பச்சோந்தி எவ்வளவு தின்றது என்ற கணக்கும் கையில் இருக்கிறது. நேற்று ஆறு, இன்று இரண்டு என்றால் ஏதோ கோளாறு என்று அறியலாம். பச்சோந்தி தன் நோயை எளிதில் வெளிக்காட்டாது. பூச்சிகளின் எண்ணிக்கைதான் அதற்காகப் பேசும். பூச்சியின் அளவும் முக்கியம். பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைவிட அகலமானதைத் தரக் கூடாது என்பது வளர்ப்போர் வழக்கம்.

"தோட்டத்துப் பூச்சியைப் பிடித்துப் போட்டால் என்ன?" என்பீர்கள். பூச்சிமருந்து தெளித்த செடியைத் தின்ற பூச்சி மருந்தையும் சுமந்து வரும். வேறோர் அபாயமும் உண்டு. அமெரிக்காவின் சில மின்மினிகளின் உடலில், தேரையின் நஞ்சைப் போன்ற பொருள் உள்ளது. அதைத் தின்ற ஆஸ்திரேலியத் தாடி ஓணான்கள் வளர்ப்பு வீடுகளில் மடிந்ததை 1999இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அந்த வகை மின்மினிகளோடு சேர்ந்து வாழாத நாட்டிலிருந்து வந்த பிராணிக்கு அதை ஒதுக்கத் தெரியவில்லை.

எதிர்வாதங்கள்

சிலர் கேட்கலாம்: "காட்டில் வாழும் பச்சோந்திக்குச் சுண்ணாம்புத் தூள் யார் தூவுகிறார்கள்?" நியாயமான கேள்வி. காட்டில் அது பல வகைப் பூச்சிகளைத் தின்கிறது. ஒவ்வொரு பூச்சியும் ஒவ்வோர் இலையைத் தின்று வந்திருக்கிறது. மேலே நேரடிச் சூரியன். கூண்டிலோ ஒரே பூச்சி, ஒரே விளக்கு. ஆயிரம் வழியில் இயற்கை ஈடுசெய்ததை நாம் ஒரே சிட்டிகையில் ஈடுசெய்ய முயல்கிறோம். அதையும் மறந்தால் எப்படி?

வேறு சிலர், "சாகப்போகிற பூச்சிக்கு இவ்வளவு உபசாரமா?" என்பார்கள். சாகப்போவது நாளை, இன்று அது உயிரோடு இருக்கிறது. பட்டினி போட்டு, நாறும் பெட்டியில் நெரித்து வைப்பதால் யாருக்கும் இலாபமில்லை. பட்டினி கிடந்த பூச்சி வெறும் ஓடுதான். அதைத் தின்ற பச்சோந்தியும் பட்டினிதான். இரக்கமும் கணக்கும் ஒரே விடையைத் தருகிற இடம் இது. அப்படிப்பட்ட இடங்கள் வாழ்க்கையில் அதிகமில்லை.

நமக்கு என்ன வழி?

இவ்வளவும் சொன்னது உங்களைப் பச்சோந்தி வாங்கத் தூண்டுவதற்கு அல்ல. நம் புதர்க்காடுகளில் வாழும் இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்ட உயிர். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வெளிநாட்டுப் பச்சோந்திகளும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் அவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

அந்த 1972ஆம் ஆண்டிலேயே கடலுக்கு அப்பால் நடந்த ஒன்றையும் அறிந்துகொள்ளுங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் மூன்று கொம்புப் பச்சோந்திகள் சில, வளர்ப்பதற்காக ஹவாய்த் தீவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவை வெளியேறிப் பெருகின. இன்று அத்தீவுகளுக்கே உரிய பூச்சிகளையும் நத்தைகளையும் தின்றுவருகின்றன. கூண்டில் இரையைப் பற்றிக் கவலைப்படாதவர்களின் பிராணி, காட்டில் தன் இரையைத் தானே தேடிக்கொண்டது.

உங்களுக்கு ஆர்வம் இருந்தால் பாதிக் கூண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அதாவது, பூச்சிப் பெட்டியை. உங்கள் ஊரில் கிடைக்கும் நாலைந்து சுவர்க்கோழிகள், ஒரு பெட்டி, முட்டை அட்டை, கேரட் துண்டு, ஒரு வெப்பமானி. செலவு மிகக் குறைவு. ஆண் சுவர்க்கோழி சிறகோடு சிறகு உரசிப் பாடும். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை என்று எண்ணுங்கள். அப்போதைய வெப்பநிலையைக் குறியுங்கள். 1897இல் டால்பேர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இவ்வாறு எண்ணித்தான், சுவர்க்கோழியின் பாட்டிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடும் சூத்திரத்தை வெளியிட்டார். அவர் சூத்திரம் உங்கள் ஊர்ச் சுவர்க்கோழிக்குப் பொருந்த வேண்டியதில்லை. இரண்டு வாரம் அளந்து வரைபடத் தாளில் புள்ளிகளை இட்டால் உங்கள் ஊருக்குரிய சூத்திரம் உங்கள் கையிலேயே கிடைக்கும். முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பச்சோந்தியைப் பார்க்க வேண்டுமா? மழைக்குப் பின் ஊரோரப் புதர்களில் பொறுமையாகத் தேடுங்கள். அது நஞ்சுள்ளது என்று யாராவது கல்லெடுத்தால் தடுத்து நிறுத்துங்கள். அதற்கு நஞ்சு கிடையாது. அங்கே அதற்கு யாரும் தூள் தூவ வேண்டியதில்லை. யாரும் எண்ணிப் போடவும் வேண்டியதில்லை. அந்தப் புதரில் பூச்சிகள் இருக்க, அப்பூச்சிகளுக்கு மருந்து படியாத இலைகள் இருக்க, நாம் விட்டுவைத்தால் போதும்.